துடைத்துப்போட்ட கரி

வண்டி பட்டறைக்கு வந்தபோது மெக்கானிக் இன்னொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அங்கிருந்து பார்த்தால் வாசலில் நுழைகிற சக்கரங்கள் மட்டும்தான் தெரியும். இழுவைக் கயிற்றில் தயங்கித் தயங்கி உருண்டுவந்த அந்தச் சக்கரங்களைப் பார்த்ததுமே அது யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த டயர்களைத் தேடிப்பிடித்து வாங்கி மாட்டியவரே அவர்தான். ஆனாலும் வெளியே வரவில்லை. ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

"மாமா..." என்று குனிந்து கூப்பிட்டான் அக்கா மகன்.

"யாரைக் கேட்டு இதை இங்க கொண்டாந்தே?"

"அப்பாதான் சொன்னாரு."

"உங்கப்பா சொன்னா? வேற பட்டறையே கெடையாதா? எடுத்துக்கிட்டுப் போயிடு மாப்ளே. எனக்குக் கெட்ட கோவம் வரும்."

கோபம் வரும் என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அழுகைதான் வரும். மெக்கானிக் வண்டிக்கு அடியிலேயே இருந்ததற்கு அதுதான் காரணம்.

நடந்தது சின்ன விஷயம் மாதிரிதான் தொடங்கியது. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வீடு திரும்பினார்கள் அக்காவும் அத்தானும். அக்கா இறங்கி வெளிக்கதவைத் திறந்துவிட்டு, முன்னால் நடந்துபோய், வண்டி நிற்கிற கொட்டகையின் பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டாள். கையை ஆட்டி "வாங்க, வாங்க" என்றாள். அவள் கையாட்டாமல் அத்தான் ஒருநாளும் வண்டியை உள்ளே விட்டதில்லை. உள்ளே போக ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அந்த ஏற்றத்தில் முக்கிக்கொண்டு நின்ற வண்டி திடீரென்று பாய்ந்தது. அக்கா சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

"மிதிச்சேன், போகல. இன்னும் கொஞ்சம் மிதிச்சேன். பாஞ்சிடுச்சு" என்று அத்தான் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய், வயசான காலத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருப்பார் பாவம் என்று பேசிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் வந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதை மெக்கானிக் முகத்துக்கு நேராகவே பேசினார். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "யோவ், பிரேக் எது ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாத உனக்கு வண்டி எதுக்குய்யா? கொன்னுட்டியே, என் அக்காவைக் கொன்னுட்டியே" என்று கத்தினார். அதுவரை அத்தானை அவர் நீங்க, வாங்க என்றுதான் பேசிவந்தார். அன்றைக்கு நாக்கில் மரியாதை தங்கவில்லை. அதற்குப் பிறகு மெக்கானிக் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கவே இல்லை.

இப்போது அக்கா மகன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவன். சட்டையெல்லாம் கிரீஸ் ஒட்டுமே என்று மெக்கானிக்கே கவலைப்பட்டார்.

"அப்பா சரியா சாப்பிடுறதில்ல மாமா. தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்காரு. ஒரே கேள்விதான் கேக்குறாரு. நானா, வண்டியான்னு. நான் வண்டிதாம்பான்னு சொல்லிப் பாத்துட்டேன். நீ என் புள்ள, அப்படித்தான் சொல்லுவேங்குறாரு. டாக்டரும் சொன்னாரு. டாக்டருக்கு என்ன தெரியும் வண்டியைப் பத்திங்குறாரு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நீங்க பாத்துச் சொல்லணுமாம். 'அவன் ஒருத்தனுக்குத்தான் என்மேல துளி இரக்கம் கெடையாது. அவன் சொன்னாத்தான் அது உண்மையா இருக்கும்'னு சொன்னாரு."

ஸ்பேனரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வண்டிக்கு அடியிலிருந்து கால் மட்டும் நீண்டு, பட்டறையின் கடைசி மூலையைக் காட்டியது. அங்கே நிறுத்திவிட்டுப் போ என்று அர்த்தம்.

பட்டறையில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஊருக்கே பளபளா என்றால்தான் தெரியும். எந்த வண்டி உள்ளே வந்தாலும் முதலில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு என்பது பளபளாவின் கொள்கை. என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே, அழுக்கு எங்கே என்று தேடுவார். காற்று வருகிற வழி, பெட்ரோல் வருகிற வழி, பேட்டரி முனை என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பளபளக்க வைத்துவிடுவார். "பாதி கோளாறு அழுக்குலதான்யா இருக்கு. அழுக்கு போனா கோளாறும் போயிடும்" என்பார். பத்துக்கு ஏழு வண்டியில் அது உண்மையாகவும் இருந்து தொலைத்ததால் மெக்கானிக்கால் அவரோடு வாதாட முடிந்ததில்லை. வாடிக்கைக்காரர்களுக்கும் அது பிடித்திருந்தது. காய்ச்சல் என்று வந்தால் குளிப்பாட்டி அனுப்புகிற வைத்தியம் இந்தப் பட்டறையில்தான் நடக்கும் என்று மெக்கானிக் கிண்டல் செய்வதோடு விட்டுவிடுவார்.

மறுநாள் மெக்கானிக் அந்த வண்டியின் கதவைத் திறந்தார். உள்ளே அக்காவின் வாசனை எதுவும் இல்லை. மூடிக்கிடந்த துணியின் புழுங்கல் வாடைதான் இருந்தது. அதுவே அவருக்குப் பொறுக்கவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்து, சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்தது. முன்பலகையில் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்தது.

ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். த்ராட்டில் சொன்ன இடத்துக்கு வரவில்லை என்று எழுத்து வந்தது.

அந்தக் காலத்து வண்டிகளில் மிதிகட்டைக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கும். மிதித்தால் கம்பி இழுக்கும், காற்று வாசலில் இருக்கிற த்ராட்டில் தகடு திறக்கும், வண்டி ஓடும். இந்த வண்டியில் கம்பி கிடையாது. கால் மிதித்ததை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு குட்டி மோட்டாருக்கு உத்தரவு போட வேண்டும். மோட்டார்தான் தகட்டைத் திருப்பும். அலுவலகத்தில் மூன்று மேசை தாண்டிப் போகிற விண்ணப்பம் மாதிரி. கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்பதுதான் வித்தியாசம். ஆனால் அந்தத் தகட்டைச் சுற்றிக் கரி படியும். கரி பிசினாக இறுகினால் தகடு ஒட்டிக்கொள்ளும். லேசாக மிதித்தால் அசையாது. இன்னும் மிதித்தால் மோட்டார் முட்டி முட்டிப் பார்த்து, சட்டென்று பிய்த்துக்கொண்டு திறக்கும். வண்டி துள்ளும்.

மிதிச்சேன், போகல. இன்னும் கொஞ்சம் மிதிச்சேன்.

மெக்கானிக் ஸ்கேனரைக் கீழே வைத்தார். அத்தான் சொன்னதை அவர் ஒருநாளும் ஒரு மெக்கானிக்காகக் கேட்டதே இல்லை. வேறு யாராவது வாடிக்கைக்காரர் வந்து அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், த்ராட்டிலைப் பார்க்கணும் என்று நொடியில் சொல்லியிருப்பார். துக்கம் காதை அடைத்துவிட்டது. அது மட்டும் இல்லை. இத்தனை நாளாக அவர் அந்த மனிதரை வெறுத்து வெறுத்துத்தான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். வண்டிதான் காரணம் என்று ஆகிவிட்டால் அந்த வெறுப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? ஒரு தகட்டின்மேலா?

ஆனால் ஸ்கேனர் சொல்வதை மட்டும் நம்ப முடியாது. மாதக்கணக்கில் நின்று பேட்டரி செத்துப்போன வண்டியில், மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் கிடைக்காவிட்டாலும் இதே எழுத்து வரும். விபத்து நடந்த அன்றைக்கே பதிந்ததா, இன்றைக்கு உயிர் கொடுத்தபோது பதிந்ததா என்று அது சொல்லவில்லை. கண்டுபிடிக்க ஒரே வழிதான். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, விரலால் தகட்டை மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டு, பிறகு விடுபட்டால் வண்டி குற்றவாளி. வழுக்கிக்கொண்டு திறந்தால் அத்தான்.

ஒரு விரல் வேலை. மெக்கானிக் குழாயின் கிளிப்பில் ஸ்க்ரூட்ரைவரை வைத்தார். திருப்பவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று பானட்டை மூடிவிட்டார்.

மறுநாளும் அப்படித்தான் ஆயிற்று. அதற்கு மறுநாளும். வேறு வண்டிகளுக்கெல்லாம் விழுந்து விழுந்து வேலை செய்தார். பழுதே இல்லாத வண்டிகளில்கூடப் பழுது தேடினார். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது மூலையில் துணி மூடி நிற்கிற வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்ன காரணத்துக்காக அது நிற்கிறது, யாரும் கை வைக்காதீங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் அக்கா பேச்சு வரும், அக்கா பேச்சு வந்தால் அழுகை வரும் என்று சும்மா இருந்துவிட்டார்.

பளபளா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேசாவிட்டால் என்ன, கண் இல்லையா? சிநேகிதன் அந்த வண்டிப் பக்கம் போவதும், செத்தவளைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டு திரும்புவதும் அவர் மனதைப் பிசைந்தது.

ஒருநாள் மெக்கானிக் சாமான் வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது மூலையிலிருந்த வண்டி நடுப் பட்டறைக்கு வந்திருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தது. பளபளா கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி முடித்த சமையல்காரர் மாதிரி நிறைவோடு நின்றார்.

"முடிச்சுட்டேன்யா. புது பேட்டரி போட்டேன். த்ராட்டிலைக் கழட்டி ஸ்ப்ரே அடிச்சுச் சுத்தமா தொடைச்சு மாட்டிட்டேன். கழுவினதும் கொஞ்சம் உறுமிச்சு. சாவியைப் போட்டு, மிதியைத் தொடாம விட்டு, கம்ப்யூட்டரை மறுபடி பழக்கிவிட்டேன். இப்பப் பாரு, குழந்தை தூங்குற மாதிரி ஓடுது."

மெக்கானிக் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. போய்க் குழாயைக் கழற்றிப் பார்த்தார். காற்று வாசலும் தகடும் அவர் முகம் தெரிகிற அளவுக்கு மின்னின. சாவியை எடுத்துவிட்டு விரலால் தள்ளினார். பட்டுத்துணியில் விரல் ஓடுகிற மாதிரி திறந்து மூடியது. இனி எப்போதும் அப்படித்தான் திறக்கும்.

"தொடைக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"கரி இருந்துச்சு."

"எவ்வளவு?"

"எல்லா வண்டியிலயும் இருக்குற மாதிரிதான். இதுல கொஞ்சம் கூட இருந்துச்சோ என்னமோ..."

"தகடு ஒட்டியிருந்துச்சா? வெரல வச்சுத் தள்ளிப் பாத்தியா?"

"அதை எதுக்குய்யா பாக்கணும்? எப்படியும் கழுவப் போறோம்."

"நெனச்சுப் பாருய்யா. துணி எங்க? தொடைச்ச துணி எங்க?"

பளபளா பயந்துபோய் எண்ணெய்த் துணிகள் போடுகிற டிரம்மைக் காட்டினார். மெக்கானிக் அதற்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். எல்லாத் துணியும் கறுப்பு. எந்தக் கறுப்பு எந்த வண்டியுடையது என்று எவனால் சொல்ல முடியும்? கடைசியில் டிரம்மைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கேள்வியையும், அந்த மனிதர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதையும் சொல்லி முடித்தார்.

பளபளாவின் முகம் வெளுத்தது. "உன் கை அந்த வண்டியில படவேண்டாம், நீ படுற பாட்டைப் பாக்க முடியலன்னுதான்யா செஞ்சேன்" என்றார். சிதறிக்கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? உண்மையைக் கண்டுபிடிக்க நாள் கணக்காக நேரம் இருந்தும் தள்ளிப்போட்டவர் யார் என்று மெக்கானிக்குத் தெரியும். அக்கா செத்தது எப்படி என்று இனி இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கைத்துணியில் துடைத்துப் போட்டாயிற்று.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம், தெரியலைன்னு சொல்லிடணும், இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்லிடணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனார். வெளிக்கதவைத் திறக்கும்போது கொட்டகைச் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். அக்கா மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பின்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார் அத்தான்.

அத்தான் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஆயிரக்கணக்கான கண்களுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டே தலை நரைத்தவர். ஆளுக்கு நடை உடை எல்லாம் சுத்தமாக இருக்கும். இப்போது தாடி கண்டபடி மண்டியிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். கழுத்து மெலிந்து, சட்டைக் காலர் காலி செய்த வீடு மாதிரி தொளதொளத்தது. மெக்கானிக் கடைசியாக அவரைப் பார்த்தபோது கத்திக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தார்.

"வா மச்சான், உக்காரு" என்றார் அத்தான். "பாத்தியா?"

"பாத்தேன் அத்தான்."

"எனக்காக எதையும் பூசி மெழுகாத. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். தெரியாமத்தான் இருக்க முடியல. நானா, வண்டியா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் அந்த மாறிப்போட்ட பொத்தான்தான் இருந்தது. அக்கா இருந்தால் இந்தக் கோலத்தில் இவரை வெளியே விட்டிருப்பாளா என்று தோன்றியது. "என்ன மனுஷன் நீங்க" என்று திட்டிக்கொண்டே பொத்தானைச் சரிசெய்திருப்பாள்.

"வண்டிதான் அத்தான்" என்றார். "த்ராட்டில்ல கரி புடிச்சு தகடு ஒட்டிப் போயிருந்துச்சு. நீங்க சொன்னது அத்தனையும் சரி. மிதிச்சா போகாது, இன்னும் மிதிச்சாப் பாயும். நானே வெரல வச்சுத் தள்ளிப் பாத்தேன். உங்கமேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்... அன்னைக்கு நான் பேசினது..."

அத்தான் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினார். பிறகு, அடக்கத்தின்போதுகூட அழாத அந்த மனிதர், மச்சினன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். வாசலில் நின்ற மகனும் அழுதான். மெக்கானிக்கும் அழுதார். மற்ற இரண்டு பேருக்கும் பாரம் இறங்கியது. அவருக்கு ஏறியது.

அதற்குப் பிறகு நல்ல சேதியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அப்பா சாப்பிடுகிறார் என்று அக்கா மகன் போன் செய்தான். முகச்சவரம் செய்துகொண்டார் என்றான். பேத்தியைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார் என்றான். மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பொய் சொன்னாலும் ஒரு உசுரு பிழைத்ததே என்று பளபளா ஆறுதல் சொன்னார்.

ஒரு காலை அக்கா மகனே சாவி வாங்க வந்து நின்றான்.

"அப்பா வண்டி கேக்குறாரு மாமா. பாப்பாவை ஸ்கூல்ல கொண்டுபோய் விடணுமாம்."

மெக்கானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடா சொல்றே?"

"நீங்கதானே சொன்னீங்க, அவர்மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் வண்டின்னு. இப்ப வண்டியும் சரியாயிடுச்சு. அப்புறம் என்ன? இனிமே வேண்டாம்பான்னு நான் சொன்னா, அப்ப என்னை நீ நம்பலையான்னு கேப்பாரு. இப்பத்தான் மனுஷனா நடமாடுறாரு."

நியாயமான பேச்சு. ஒரு இடத்தில்கூட ஓட்டை இல்லை. தான் சொன்ன பொய் இப்படிக் காலும் கையும் முளைத்து, ஒரு சின்னப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தெருவில் இறங்கும் என்று மெக்கானிக் யோசிக்கவே இல்லை. "ரொம்ப நாள் ஓட்டாம இருந்துட்டாரு. முதல்ல நான் கூட உக்காந்து பாக்குறேன். அப்புறம் குடுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக்குப் பின்னால், லாரிகள் நிறுத்துகிற பெரிய காலி இடம் ஒன்று உண்டு. விடுமுறை நாளில் ஆள் நடமாட்டம் இருக்காது. அத்தானை அங்கே அழைத்துப் போனார். அத்தான் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்தார், சீட்டை முன்னால் இழுத்தார், பெல்ட்டைப் போட்டார். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்கிற மாதிரி இல்லாமல், வலது கையைக் கைப்பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டார்.

வண்டி அழகாகக் கிளம்பியது. அத்தான் மெல்ல ஒரு சுற்று வந்தார். வளைவில் வேகம் குறைத்தார், நேரில் கூட்டினார், இண்டிகேட்டர் விளக்குப் போட்டுத் திரும்பினார். யாருமே இல்லாத இடத்தில் எதற்கு விளக்கு என்று மெக்கானிக் கேட்டதற்கு, "உங்க அக்கா திட்டுவா" என்று சிரித்தார். அடுத்த சுற்றில் பழைய கதைகள் பேசினார். முதன்முதலாக அவளை வண்டியில் ஏற்றியபோது அவள் பயந்துபோய்க் கதவுக் கைப்பிடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்த கதையைச் சொன்னார். மெக்கானிக்கும் சிரித்தார்.

அத்தானின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார் மெக்கானிக். கால் சரியாகத்தான் போய்வந்தது. தடுமாற்றம் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல இளகியது. நான் சொன்னது பொய்யே இல்லையோ, நிஜமாகவே வண்டிதானோ, தெரியாமல் உண்மையைத்தான் சொல்லிவிட்டேனோ என்று ஒரு நப்பாசை வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

"போதும் அத்தான். அந்தச் சுவரோரமா நிழல்ல நிறுத்துங்க. டீ குடிக்கலாம்."

"சரி" என்றார் அத்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினார். சுவர் நெருங்கியது. அவர் வலது கால் எழுந்து, நகர்ந்து, மிதித்தது.

என்ஜின் உறுமியது. வண்டி முன்னால் பாய்ந்தது. மெக்கானிக் கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கைப்பிரேக்கை முழுசாக இழுத்தார். சக்கரங்கள் மண்ணைக் கிழித்துக்கொண்டு சறுக்கி, சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. என்ஜின் மட்டும் நிற்காமல் அலறிக்கொண்டிருந்தது.

"பாத்தியா! பாத்தியா மச்சான்!" என்று அத்தான் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. கண்கள் பெரிதாகியிருந்தன. "மறுபடியும் ஒட்டிக்கிச்சு! நான் பிரேக்தான் மிதிக்கிறேன், அது பாட்டுக்கு ஓடுது! அன்னைக்கும் இப்படித்தான், அப்படியே இப்படித்தான்! நீ சரியா பாக்கல. இன்னும் ஒட்டுது பாரு!"

பார்க்கக் கூடாது என்று நினைத்தும் மெக்கானிக்கின் கண் கீழே போய்விட்டது. அதைத் தொடர்ந்து அத்தானும் கீழே பார்த்தார்.

அவர் கால் ஆக்சிலேட்டரின்மேல், முட்டி விறைக்க, முழுவதும் அழுத்திக்கொண்டிருந்தது.

அத்தான் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. பிறகு மெல்லத் தூக்கினார். உடனே என்ஜின் அடங்கிச் சின்னதாக முனகியது. இன்னொரு தடவை லேசாக வைத்தார். லேசாக எழுந்தது. எடுத்தார். இறங்கியது. மறுபடி வைத்தார், எடுத்தார். தகடு ஒரு மயிரிழைகூடப் பிசகாமல், கால் சொன்னதைச் சொன்னபடி கேட்டது.

"அத்தான்" என்றார் மெக்கானிக். "இது வேற, அது வேற. அன்னைக்கு நெசமாவே கரி இருந்துச்சு. ஒட்டியிருக்கலாம். ஒட்டித்தான் இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா?" என்று கேட்டார் அத்தான்.

சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று மெக்கானிக்குப் புரிவதற்குள் நேரம் கடந்துவிட்டது. "நானே வெரல வச்சுத் தள்ளிப் பாத்தேன்" என்று முன்பு சொன்னவருக்கு, இப்போது அதே பொய்யைத் திரும்பச் சொல்ல நாக்கு எழவில்லை. அத்தான் அவர் முகத்தையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு, அவருக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி பார்த்தார்.

"நல்லாத்தான் ரிப்பேர் பண்ணியிருக்க மச்சான்" என்றார்.

சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். சாவியை உருவி மெக்கானிக்கின் மடியில் வைத்தார். ஆனால் வண்டியைவிட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் எத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.